ஆமென் சொல்லிப் போட்ட கையெழுத்து

பெயர்: ரத்தினபாய், வயது 63, க/பெ. காலஞ்சென்ற தனசிங், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பெருங்களத்தூர். 12.8.1994 அன்று காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகி அளிக்கும் வாக்குமூலம்:

நான் மேற்படி ஊரில் என் கணவர் கட்டிய வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. எதிரி ஜெபராஜ் என் தங்கை மகன். தங்கை இறந்த பின் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். தாங்கள் எழுதியுள்ள "ஆதரவற்ற விதவை" என்பது நான் சொன்னதல்ல, அடித்துவிடவும்.

என் கணவர் இறந்த பிறகு, பட்டாவை என் பெயருக்கு மாற்றவும் வரி கட்டவும் நான் அலைய வேண்டாம், தனக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஜெபராஜ் சொன்னான். அதன் பேரில் சென்ற பிப்ரவரி மாதம் அவனுடன் பத்திரம் எழுதுபவரிடம் சென்றேன். அங்கே பத்திரத்தை என் கையில் கொடுத்து, "பெரியம்மா, ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றான். அவனே தலைகுனிந்து, பெரியப்பா பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினான். நானும் ஆமென் சொன்னேன். அதன் பிறகு அந்தத் தாள்களைப் புரட்டிப் படிப்பது ஜெபத்தையே சந்தேகப்படுவது மாதிரி இருந்தபடியால், படிக்காமல் கையெழுத்திட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளைப் படி படி என்று அடித்தவள் நான். அதன் பிறகு பதிவு ஆபீஸில் சார்பதிவாளர் சம்மதமா என்று கேட்டதற்கு, சம்மதம் என்றேன்.

அதன் பிறகு ஜூலை மாதம் ஒருநாள் காலையில் இரண்டு பேர் டேப்புடன் வந்து என் முருங்கை மரத்திலிருந்து கிணறு வரை அளந்தார்கள். யாரென்று கேட்டதற்கு, "இன்னாம்மா, இன்னும் காலி பண்லியா? இடம் வித்தாச்சே, ஃபிளாட் கட்டப் போறாங்கோ" என்றார்கள். அதன் பிறகு நான் கையெழுத்திட்ட பத்திரத்தின் நகல் வாங்கிப் பார்த்ததில், வீட்டை விற்கவும் நான் ஜெபராஜுக்கு அதிகாரம் கொடுத்ததாக அந்தப் பவரில் எழுதியிருந்தது.

அதன் பிறகு எங்கள் சபை மூப்பரிடம் முறையிட்டேன். "குடும்ப விஷயம் சிஸ்டர், போலீஸ் கீலீஸ்னு போகாதீங்க, ஜெபிச்சுக்குவோம்" என்றார். ஐயா, ஜெபித்த வரைக்கும் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு சபையார் யாரும் என் வீட்டுக்கு வருவதில்லை. ஞாயிறு ஆராதனையில் என் பெஞ்சில் நான் மட்டும் உட்காருகிறேன்.

நேற்று ஜெபராஜ் வந்தான். "கட்டுற ஃபிளாட்ல உங்களுக்கு ஒரு ரூம் தரச் சொல்றேன் பெரியம்மா. கேஸ்னு போனா நான் இந்த வாசல மிதிக்க மாட்டேன். அப்புறம் உங்களுக்குன்னு யார் இருக்கா?" என்றான். போடா, என் வீட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேசு என்றேன். சாப்பிடாமல் போய்விட்டான். அவனுக்கும் சேர்த்து வடித்திருந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஆகவே அவன் மீது நடவடிக்கை எடுத்து, என் வீட்டை எனக்கு மீட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் சமாதானமாகப் போகத் தயாரில்லை.

துணைக்கு ஏன் யாரையும் அழைத்து வரவில்லை என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியானாலும் பென்ஷன் ஆபீஸானாலும் எனக்கு ஜெபராஜ்தான் கூட வருவான்.

மேலே உள்ளது நடந்தது நடந்தபடி நான் சொன்னது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, உண்மை.

(ஒப்பம்)
த. ரத்தினபாய்