அஞ்சில் ஒரு பங்கு காலி

நானுஓயாவிலிருந்து நுவரெலியா போகும் பஸ். கால் வைக்க இடமில்லை. உள்ளே இடமிருப்பது கண்டக்டர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. முன் சீட்டில் லேப்டாப் பையோடு ஒரு கல்யாண வீடியோக்காரர். தன் தங்கச்சியின் கல்யாண வீடியோ எங்கே என்று பக்கத்திலிருந்த அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

“வீடியோ ஏத்தி வைக்கிற எஸ்எஸ்டி நெறஞ்சிருச்சுக்கா. அஞ்சுல ஒரு பங்கு காலியா கெடக்கணும். இல்லாட்டி எடிட் பண்றப்ப சிக்கிச் சிக்கி நிக்கும்.”

“காலி எடத்துல என்னத்த வைப்பீங்க?”

“ஒன்னும் வைக்க மாட்டோம்.”

“எங்க தோட்டத்து லயத்துல ஒத்த அறைதான் காம்பரா, அதுல ஏழு பேரு. ஒன்னும் வைக்காத எடத்த நான் பாத்ததே இல்ல தம்பி.”

“கலியாணம்னா பக்கத்துக் காம்பராவ ஒழிச்சுக் குடுப்பாங்க தானே, சாமான மாத்தி வைக்க? அது மாதிரிதான்க்கா.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. இப்ப ஒழிச்சாச்சா?”

“ஒழிச்சிட்டேன். தேவையில்லாதத அழிச்சாச்சு. மணவறை, தாலி கட்டு, ஊர்வலம் எல்லாம் பத்திரமா இருக்கு. பந்தி மட்டும்தான் போச்சு.”

பஸ் ஒரு வளைவில் திரும்பி நிமிர்ந்தது.

“தாலி கட்டுறப்ப நான் சோறு எறக்கிக்கிட்டு இருந்தேன் தம்பி. அன்னைக்கு முழுக்க பந்தியிலதான் நின்னேன், புதுச் சாரியோட.”

வீடியோக்காரர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நீங்க ஒன்னும் வைக்காத அந்த எடத்துலதான் நான் இருந்திருக்கேன்.”