அடிதடி இல்லாத பள்ளிக்கூடம்

நெசவு நூலுக்குக் கண்ட்ரோல் வைத்து, அளந்து கொடுத்த காலம். அரக்கோணத்தில் திருத்தணிக்கு ரயில் ஏறினேன். எதிர் பலகையில் ஒரு தலைமையாசிரியர், பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்க பள்ளிக்கூடத்துல அடிதடியே கெடையாது. எல்லாரையும் அடிச்சிகினு இருந்த பையனையே, மத்த பசங்களை மேய்க்கிற சட்டாம்பிள்ளை ஆக்கிட்டேன்.”

நூல் மூட்டையோடும் மகளோடும் கீழே உட்கார்ந்திருந்த நெசவுக்கார அம்மாள் நிமிர்ந்தாள்.

“இப்ப அவன் அடிக்கறதில்லீங்களா?”

“அடிக்கிறான். ஆனா இப்ப அதுக்குப் பேரு தண்டனைம்மா.”

“புள்ளைங்க யாராண்ட போயி சொல்றதுங்க?”

“சட்டாம்பிள்ளையாண்டதான். அவன் எழுதி எங்கிட்ட குடுக்கணும். மூணு மாசமா ஒரு புகார் வரலியே!”

அம்மாள் மகளின் பாவாடையைச் சற்று விலக்கினாள். இரண்டு முட்டியிலும் தோல் உரிந்திருந்தது.

“உங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுதாங்க. வூட்டுல பேசுற தெலுங்கு வாயில வந்துட்டா, மணல்ல முட்டி போட வைக்கிறான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “முறைப்படி எழுதிக் குடுத்திருக்கலாமே?”

“யாராண்ட, அவனாண்டயா? நாளைக்கு நானே வரேங்க. ஒருநாள் என்னை சட்டாம்பிள்ளை ஆக்குங்க. நான் அவனை அடிச்சாலும் தண்டனைதானே?”

பெட்டி முழுக்கச் சிரித்தது. சிறுமி சிரிக்கவில்லை.

திருத்தணியில் அவசரமாக இறங்கிய தலைமையாசிரியர், நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தார். அம்மாவோடு பின்னால் இறங்கியிருந்த சிறுமியின் முன் குனிந்தார்.

“உன் பேரு என்னம்மா?”

அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“சட்டாம்பிள்ளையாண்ட சொல்ல மாட்டீங்களே சார்?”