மீன் முகத்தில் விழித்தவர்

பழைய மீன்தொட்டி வாங்குகிறவர்கள் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது மூலைகளில் தண்ணீர் கசியாமல் அடைத்திருக்கும் மக்கை. அது காய்ந்து வெடித்திருந்தால் தொட்டி ஒழுகும். வைத்திலிங்கம் வாங்கிவந்த தொட்டியில் மக்கு நன்றாக இருந்தது. திருச்சியில் மூடிப்போன ஒரு லாட்ஜில் வாங்கி, பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தார். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி. நல்ல பொருள், இன்ஸ்பெக்டர் சார்.

வைத்திலிங்கம் என் தங்கை சாந்தாவின் கணவர். இதே பெரம்பலூரில் உரக்கடை. நான் குழந்தைவேல். அரியலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். வரிசையாகச் சொன்னால் எழுதிக்கொள்ளச் சுலபமாக இருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. சாந்தாவை அடித்ததில்லை. குழந்தை இல்லை என்று குத்திக் காட்டியதில்லை. காலையில் அவள் முகத்தில் விழித்தால் அன்றைக்கு வியாபாரம் நடக்காது என்று நம்பினார், அவ்வளவுதான். மீன் முகத்தில் விழிப்பது நல்லது என்று யாரோ ஜோசியர் சொல்ல, தொட்டி வந்தது. விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டே எழுந்து, சுவரைத் தடவியபடி கூடத்துக்கு வருவார். தொட்டிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறப்பார். பிறகு சாந்தாவைக் கூப்பிடுவார். அதுவரை அவள் கொல்லையில் நிற்க வேண்டும்.

வெயிலில் தண்ணீர் சீக்கிரம் கெட்டது. செத்த மீனின் முகத்தில் விழிக்க நேருமே என்று பயந்து என்னைக் கூப்பிட்டார்.

தொட்டிக்குக் கீழே மணலும் கரியும் போட்ட ஒரு டிரம் வைத்தேன். சின்ன மோட்டார் அதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். ஏறிய தண்ணீர் திரும்ப டிரம்முக்கு இறங்க ஓவர்ஃப்ளோ வேண்டும். அதை இரண்டு விதமாக வைக்கலாம். கண்ணாடியின் மேல்பக்கம் துளை போட்டுக் குழாய் பொருத்தலாம். அந்த மட்டத்துக்கு வந்த தண்ணீர் தானே இறங்கிவிடும். அல்லது, விளிம்பில் வளைகுழாயை மாட்டி, தண்ணீரை உறிஞ்சி இறக்கும்படி விடலாம். இதில் ஒரு குறை உண்டு. கரண்ட் போனால் தொட்டித் தண்ணீர் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கி, குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். கரண்ட் திரும்பியதும் மோட்டார் ஏற்றும், குழாய் இறக்காது. தொட்டி நிரம்பித் தரையில் வழியும்.

பெரம்பலூரில் கரண்ட் போகாத நாள் ஏது?

பழைய கண்ணாடி, துளை போட்டால் விரிசல் விடும் என்று சொல்லி வளைகுழாயை மாட்டினேன். கண்ணாடி தாங்கியிருக்கும். எனக்குத்தான் அன்று சோம்பல். இதைக் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆடியில் ஒரு நாள் வழிந்துவிட்டது. ஆள் அனுப்பினார். போனேன். கூடம் முழுக்கத் தண்ணீர். சாந்தா குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், மீனு நம்ம வூட்டுக்கு வந்துச்சா, நாம மீனு வூட்டுக்குப் போயிட்டமா?" என்று வைத்திலிங்கம் சிரித்தார். "வழுக்கி வுழப் பாத்தேன். மீனு மொவத்துல முழிச்சதால தப்பிச்சேன். உங்க தங்கச்சி மொவமா இருந்தா இடுப்பு ஒடிஞ்சிருக்கும்."

சாந்தாவும் சிரித்தாள். "எனக்கும் ஒரு தொட்டி செஞ்சு குடுண்ணே. உள்ள உக்காந்துக்கறேன். அப்பவாச்சும் பாக்கறாரான்னு பாப்போம்."

"உள்ள மூச்சு வுட முடியாதுடி" என்றார் அவர்.

"இப்ப மட்டும் வுடறனாக்கும்."

நானும் சிரித்தேன். அவர் கடைக்குப் போனார். அன்று எனக்குச் சோம்பல் இல்லை. துளை போடும் சாமானும் பையில் இருந்தது. வளைகுழாயைக் கழுவி அதே இடத்தில் மாட்டினேன். தனியாக இருந்த மோட்டாரை இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தினேன். எர்த் கம்பியை எடுத்துவிட்டேன். காயிலில் என்ன செய்தேன் என்பதைத் தனியாகக் கேட்டால் சொல்கிறேன். இதைக் கவனக்குறைவு என்று எழுத முடியாது.

சாந்தாவுக்கு ஆபத்து வராது என்று தெரியும். பகலில் கரண்ட் போனால் அவள் மோட்டாரை அணைத்துவிடுவாள். இரவில் வழிந்தால், காலையில் அவர் கூப்பிடாமல் கூடத்துக்குள் வர மாட்டாள்.

ஆவணியில் நடந்தது. இரவில் கரண்ட் போய்த் திரும்பி, தொட்டி வழிந்திருக்கிறது. ஈரத்தில் வெறுங்காலோடு வந்து, கண்ணை மூடியபடியே சட்டத்தைப் பிடித்திருக்கிறார். சாந்தா வெயில் ஏறும்வரை கொல்லையிலேயே நின்றாள். அவர் இன்னும் எழவில்லை என்று நினைத்தாளாம். கடைச் சாவி வாங்க வந்த ஆள்தான் பார்த்து மெயினை அணைத்தான். விபத்து என்று முடிந்தது. உங்கள் மேல் தப்பில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் வைத்திலிங்கத்தின் அக்கா கமலவேணி எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "அன்னிக்கு மீனுக்கு முன்னாடி இவ மொவத்துல முழிச்சிருப்பான். அதான் அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு." கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

சாந்தாவை அரியலூருக்கு அழைத்துவந்தேன். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு நாள் சொன்னாள்: "நாத்தனா சொன்னது நெசந்தாண்ணே. கொல்லக் கதவு லேசாத் தொறந்திருந்துச்சு. அவரு கண்ணுல பட்டுட்டேன் போலருக்கு."

நான்தான் செய்தேன் என்று அவளிடம் சொன்னேன். குழாய், கம்பி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"என்னத் தேத்தறதுக்காக நீ ஏண்ணே பழிய ஏத்துக்கற" என்றாள்.

ஆகவே இங்கே வந்தேன். நீங்கள் எழுதி, கோர்ட்டில் படித்தால் நம்புவாள். வைத்திலிங்கத்தைக் கொன்றது நான். சாந்தாவின் முகத்தில் எந்தத் தோஷமும் இல்லை. இரண்டாவது சொன்னதை முதலில் எழுதுங்கள்.

விடிந்ததுமே வந்திருப்பேன், சார். படியிறங்கும்போது சாந்தா எதிரே வந்துவிட்டாள். முக்கியமான காரியமாயிற்றே என்று திரும்ப உள்ளே போய், சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அதில் ஒரு பஸ் தவறிவிட்டது.