கண் திறந்த படங்கள்

தன் முகம் தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்ன ஒருவரையும் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை, துரை. மூக்கைக் குறையுங்கள், அம்மைத் தழும்பை எடுங்கள் என்பார்கள். எடுத்துவிடுவேன். என் ஸ்டூடியோ நன்றாக ஓடியது அதனால்தான்.

செத்தவர்களும் வாடிக்கையாளர்கள்தான். குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். எடுத்த படத்தில் மூடிய இமைமேல் மெல்லிய தூரிகையால் கண்ணைத் திறந்துவிடுவேன். வீட்டார் பார்த்ததும், அப்படியே பேசுவது போலிருக்கிறது என்று அழுவார்கள். இந்த வேலையில் என் கைக்கு ஈடு கிள்ளான் வரைக்கும் கிடையாது; தற்பெருமை இல்லை, கேட்டுப் பாருங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றில், வாசு வந்தான். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து போடும் டிரஸ்ஸர். ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன தோட்டத்து ஆட்களோடு அவனையும் அனுப்பியிருந்தார்கள். காய்ச்சலோடு திரும்பியவன், புண்ணுக்குக் கட்டும் துணிச் சுருளுக்குள் ஒரு ஃபிலிமை ஒளித்துக் கொண்டுவந்திருந்தான்.

"கழுவிப் படம் போட்டுக் குடுங்கண்ணே. தோட்டம் தோட்டமா காட்டப் போறேன். இதப் பாத்தா ஒருத்தனும் ஆள் புடிக்கிற லோரியில ஏற மாட்டான்," என்றான்.

கழுவினேன். அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் வரிசையாகப் பிணங்கள். எலும்பு, புண், ஈ. வெளிச்சம்கூடச் சரியில்லை. அதில் ஒரு முகம் எனக்குத் தெரிந்த முகம்: அய்யாவு. கல்யாணப் படம் என்னிடம் எடுத்தவர். அவரை அந்தக் கோலத்தில் அவர் மனைவி இராஜம்மாவிடம் எப்படிக் கொடுப்பது? வழக்கம்போல் செய்தேன். பெரிதாக்கி, புண்ணை மறைத்து, கன்னத்தில் சதை வைத்து, நிமிர்த்தி, கண்ணைத் திறந்தேன். மற்ற முகங்களையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஃபிலிமைக் கொளுத்தினேன். மோசமான வேலை கடையில் கிடக்கக் கூடாது.

இராஜம்மா கிள்ளான் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். புருஷனைப் பற்றித் தகவலே இல்லாமல் பித்துப் பிடித்தவள்போல் அலைந்தவள், படத்தைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு மனம் நிறைந்துபோனது.

"உசுரோட இருக்காருல்லண்ணே?" என்று கேட்டாள்.

"நீயே பாரேம்மா," என்றேன். பொய் சொல்லவில்லை.

அதைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கக் காட்டினாள். அதுவரை லோரியைக் கண்டால் காட்டுக்குள் ஓடியவர்கள் அந்த முறை தாங்களாகவே ஏறினார்கள். மச்சானைப் பார்க்கும் ஆசையில் அவள் தம்பி வேலாயுதமும் ஏறினான். ஆள் சேர்க்கும் கங்காணி கடைக்கே வந்து பாராட்டினான். படம் போடும் தாள் கிடைக்காத காலம். ஒரு பெட்டித் தாள் கொடுத்து, பெரிதாக்கி வைத்திருந்த மற்றவர்களையும் அதேபோல் போடச் சொன்னான். போட்டேன். லோரி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கொட்டகையைப் பார்த்தவன் நான்தானே.

வாசு மறுபடி வந்தபோது கண்ணாடிப் பெட்டியில் அந்தப் படங்களைப் பார்த்தான்.

"பொணத்த எதுக்குண்ணே எழுப்பி உக்கார வச்சீங்க? கெடந்தபடியே காட்டியிருந்தா இவனுங்க பொழச்சிருப்பானுங்களே," என்றான். நல்ல பையன், ஆனால் படக்கலை தெரியாது. அந்தக் காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்தான். அவனுக்கும் நான்தான் படம் போட்டுக் கொடுத்தேன்.

வேலாயுதம் திரும்பவில்லை. அந்த லோரியில் ஏறிய யாரும் திரும்பவில்லை. இந்த விசாரணைக்கு நீங்கள் கேட்கும் ஆதாரத்தை எரித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவுக்கு என்னைக் கணக்குக் கேட்பது நியாயமில்லை, துரை. என் கடையிலிருந்து கண் மூடிய ஒருவர்கூட வெளியே போனதில்லை.