லிவர்ஸ் வர்றாரு

புதுசு வேணாம் தம்பி. வந்ததுலேருந்து அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன். பீப் பீப்னு கத்துறது, பாட்டு பாடுறது, பொம்பளக் குரல்ல கவனம் கவனம்னு மெரட்டுறது, ஒண்ணும் வேணாம். அந்த அட்டைப்பொட்டியை எடுத்த எடத்துலயே வெச்சிருங்க. வண்டி பின்னால வரும்போது இந்த டப்பாதான் பேசணும். இதுக்குள்ள இருந்த குரல்தான் வரணும். இதை ரிப்பேர் பண்ற காசுக்கு ரெண்டு புதுசு வாங்கலாம்னு எனக்கும் தெரியும். நான் ஒண்ணும் காசு கொழுத்துப் போயி வரல.

இருங்க இருங்க, ஸ்க்ரூவுல கை வைக்காதீங்க. மொதல்ல நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் தொறங்க. தொறந்துட்டு, ஐயோ அக்கா போச்சேன்னு கையை விரிச்சீங்கன்னா நான் எங்க போவேன்?

என்னாச்சா? தண்ணிதான். இந்த மழைக்கு எங்க சந்து முழுக்க முட்டியளவு தண்ணி. வண்டியோட பின்பக்கம் பள்ளத்துல நின்னுடுச்சு, இது பம்பருக்குக் கீழதானே மாட்டியிருக்கு, ராத்திரி பூரா ஊறிக் கெடந்திருக்கு. வெயில் இல்ல, முடி காய வைக்கிற மெஷினை வெச்சு ஊதினேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் பாட்டரியில வயரைத் தொட்டுப் பாத்தாரு. கர்ருனு ஒரு இழுவை. அப்புறம் சொல்லுன்னு ஒரு வார்த்தை. அதோட சரி. இன்னொரு தடவை தொட்டாரு, மறுபடியும் சொல்லு. அதுக்கு மேல அவரைத் தொட விடல, நான்தான் புடுங்கி துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தேன்.

மொத்தம் என்ன வரணுமா? ஒரு பொம்பளக் குரல் மெதுவா, சொல்லுன்னு வரும். அதுக்கப்புறம் ஒரு சின்னப் பொண்ணு, தொண்டை கிழியற மாதிரி, தள்ளுங்க தள்ளுங்க, எங்கப்பா லிவர்ஸ் வர்றாரு! அவ்வளவுதான். ரிவர்ஸ் இல்ல தம்பி, லிவர்ஸ். அது வாயில அப்படித்தான் வருது. சிரிப்பு வருதுல்ல? எங்களுக்கும் வந்துச்சு.

அந்தக் கொழந்தையையே கூட்டிட்டு வந்து திரும்பப் பதிவு பண்ணிடலாமா? அடடா, நல்ல யோசனைதான். அதுக்கு வர்றேன், இருங்க. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க, கால் கடுக்குது.

நாங்க துணி வெளுக்கிறவங்க. லாட்ஜ் போர்வை, ஆஸ்பத்திரி விரிப்பு, சலூன் துண்டு, எல்லாம் எங்க மெஷின்லதான் சுத்தும். முன்னெல்லாம் வாடகை வண்டிதான். வெளுத்து, இஸ்திரி போட்டு, கண்ணாடி மாதிரி மடிச்சு அனுப்புவேன், அந்த ஆளு போர்வை மேல பெயிண்ட் டப்பாவை ஏத்திக்கிட்டுப் போவான். லாட்ஜுக்காரன் என்னைத் திட்டுவான். சொந்தமா ஒரு வேன் எடுத்துத் தொலைங்கன்னு இவரை நச்சரிச்சேன். இவரு வெளக்குமாறு வாங்கவே நாலு கடை ஏறி எறங்குற ஆளு. பழைய வேனா பாத்துக்கிட்டே இருந்தாரு. இது ஆயில் குடிக்குது, அது துருப்புடிச்சிருக்குன்னு. எனக்கு வயசுதான் ஏறிக்கிட்டு இருந்துச்சு.

கடைசியில ஒண்ணு மாட்டுச்சு. கிட்டத்தட்ட பாதி விலை. எனக்கு அப்பவே திக்குனு ஆயிடுச்சு. குறையில்லாத வண்டியை எவனாவது பாதி விலைக்குக் குடுப்பானா, நீங்களே சொல்லுங்க. தெரிஞ்ச மெக்கானிக்கைக் கையோட கூட்டிட்டுப் போனோம். அந்த மனுஷன் வண்டிக்கு அடியில படுத்தவரு படுத்தவருதான், தூங்கிட்டாரோன்னு காலை ஆட்டிப் பாத்தேன். எந்திரிச்சு வந்து, குத்தம் சொல்ல ஒண்ணுமில்லக்கான்னுட்டாரு. முன்சீட்டு இடதுபக்கக் கதவு மட்டும் ஒரு ஒதை விட்டாத்தான் சாத்தும். அதைக் கேட்டதும் பயம் இன்னும் ஜாஸ்தியாச்சு. கண்ணுக்குத் தெரியாத குறைன்னா பெரிய குறையாத்தானே இருக்கும்?

விக்கிற ஆளு தண்ணி கேன் போடுறவரு. சின்ன வயசுதான், தாடி மழிச்சே ரொம்ப நாளாயிருக்கும். வண்டிப் பக்கம் திரும்பியே பாக்கல, செவுத்தைப் பாத்துக்கிட்டே பேசினாரு. நான் பேரம் பேசறதுக்குன்னே சாப்டுட்டுத் தெம்பா வந்திருக்கேன், ஒரு வெலை சொன்னேன், உடனே சரிங்கக்கான்னுட்டாரு. எனக்கு என்னமோ ஏமாந்துட்ட மாதிரி ஆயிடுச்சு. எதுத்து ஒரு வார்த்தை பேசினாத்தானே தம்பி வாங்கற நமக்கும் ஒரு திருப்தி?

வண்டி காம்பவுண்டுக்குள்ள செவுத்தைப் பாத்து நிக்குது. வெளிய எடுக்கணும்னா பின்னாலதான் எடுக்கணும். இவரு சாவியைப் போடப் போனாரு. அந்த ஆளு குறுக்க வந்து கையைப் புடிச்சுக்கிட்டாரு. இங்க ஸ்டார்ட் பண்ணாதீங்க, ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போயிடுங்கன்னாரு. ஆகா, மாட்டினடா மவனேன்னு நெனச்சேன். ரிவர்ஸ் கியர் போயிருக்கு, அதை மறைக்கிறான்னு அங்கயே கத்திட்டேன். இல்லக்கா, கியர் நல்லா விழும்ங்கறாரு. அப்ப போட்டுக் காட்டுங்கன்னேன். கெஞ்சிக் கேக்கறேங்கக்கா, தள்ளிட்டுப் போயிடுங்க. கையெடுத்துக் கும்பிட்டாரு தம்பி. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி தொலையட்டும்னு மூணு ஆம்பளைங்களுமாச் சேந்து தள்ளினாங்க. அந்த ஆளும்தான் தள்ளினாரு, தன்னோட வண்டியைத் தானே வெளிய தள்ளினாரு.

ரோட்டுக்கு வந்ததும் நான் சும்மா விடுவேனா? என்னங்க, இப்பப் போடுங்க ரிவர்ஸ்னேன். போட்டாரு. கியரும் விழுந்துச்சு, சத்தமும் வந்துச்சு. சொல்லு. தள்ளுங்க தள்ளுங்க, எங்கப்பா லிவர்ஸ் வர்றாரு! மெக்கானிக் வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. நானும் சிரிச்சேன். சிரிச்சது மட்டுமா, இன்னொரு வாட்டி போடுங்கன்னு வேற சொன்னேன். பாவி வாய் இது. திரும்பிப் பாக்கறேன், அந்த ஆளு கேட் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டிருக்காரு. ஐயோ பாவம், கொறஞ்ச வெலைக்குக் குடுத்துட்டோம்னு வயித்தெரிச்சல் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படியேதான் இவருகிட்டயும் சொன்னேன்.

எங்க சந்துல வண்டி திருப்ப எடமில்ல. வேலை முடிஞ்சு வந்தா பின்னாலயேதான் உள்ள வரணும். அப்ப தெனமும் சாயந்தரம் சந்து முழுக்கக் கச்சேரிதான். டெய்லர் மெஷினை நிறுத்திட்டு எட்டிப் பாப்பாரு. வாண்டுங்க எல்லாம் வாசல்ல நின்னு கோரஸா லிவர்ஸ் லிவர்ஸ்னு கத்தும். இவருக்கே லிவர்ஸ்காரர்னு பேராயிடுச்சு. மொதல்ல கூச்சப்பட்டாரு, வயரைப் புடுங்கிடறேன் புடுங்கிடறேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. புடுங்கல. அப்புறம் பாத்தா, ஒரே தடவையில நுழைய வேண்டிய வண்டியை முன்ன எடுப்பாரு, பின்ன விடுவாரு, மறுபடி முன்ன எடுப்பாரு. என்னங்க ஓட்டறதே மறந்து போச்சான்னு கேட்டேன். கண்ணாடி சரியாத் தெரியலம்பாரு. எங்களுக்குப் புள்ளைங்க இல்ல தம்பி. இத்தனை வருஷமா எங்கப்பான்னு கூப்பிட ஆளில்லாத மனுஷன். வண்டி கூப்பிடுது. நான் என்னத்தைச் சொல்றது? கண்ணாடியைத் தொடைச்சுக் குடுத்தேன்.

அப்பதான் அந்தப் பொண்ணு. சந்து மொனையில ஜெராக்ஸ் கடை இருக்கு, அங்க ஒரு பொண்ணு சாயந்தரமானா வந்து நிக்க ஆரம்பிச்சா. கையில ஒரு காகிதம் கெடையாது. எங்க வண்டி வர்ற வரைக்கும் நிப்பா, வண்டி உள்ள போயி நின்னதும் கெளம்பிடுவா. ஒரு நாள் சரி, ரெண்டு நாள் சரி. எனக்குப் பத்திக்கிச்சு. இவரு மண்டையில இருக்கறது நாலே முடி, இந்த மூஞ்சிக்கு ஒருத்தியான்னு சிரிப்பும் வருது, சந்தேகமும் வருது. கொண்டையை இறுக்கி முடிஞ்சுக்கிட்டு நேராப் போனேன். யாரும்மா நீ, எங்க வண்டி மேல உனக்கு என்ன கண்ணுன்னு கேட்டேன். நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி இன்னும் நாலு கேள்வி ரெடியா வெச்சிருந்தேன்.

அவ கோவப்படல. ஒண்ணுமில்லக்கா, அவரை இன்னொரு தடவை பின்னால எடுக்கச் சொல்லுங்களேன்னா.

சொல்லுங்களேன்னா பாருங்க, அந்தச் சொல்லு. தெனமும் டப்பாவுல கேக்கற அதே குரல் தம்பி அது. நான் பேச்சில்லாம நின்னு அன்னிக்குத்தான் பாத்தேன்னு ஜெராக்ஸ்காரர் இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு.

இவரைக் கூப்பிட்டு, என்னங்க, இன்னொரு தடவை எடுங்கன்னேன். எடுத்தாரு. டப்பா சொல்றதுக்கு முன்னாடியே அவ ஒதடு சொல்லுன்னு அசையுது.

ஆமா, அவதான் அம்மா. தண்ணி கேன்காரரோட வீட்டம்மா. கொழந்தையா? அது இருந்தா நான் ஏன் தம்பி இந்தச் சேத்துல இந்த டப்பாவைத் தூக்கிக்கிட்டு வர்றேன், நீங்க சொன்ன மாதிரி முட்டாய் வாங்கிக் குடுத்து உக்கார வெச்சு இன்னொரு தடவை சொல்லச் சொல்லிட மாட்டேனா? காய்ச்சல்னு சேத்தாங்களாம். சாதாரணக் காய்ச்சல்னுதான் எல்லாருமே சொன்னாங்களாம்.

அதுக்கப்புறம் அந்த ஆளு வண்டியைப் பின்னால எடுக்கும்போதெல்லாம் இது கத்தியிருக்கு. வயரை வெட்டலாம்னு கட்டிங் பிளேயரோட உக்காந்திருக்காரு. மனசு வரல. வெட்டவும் முடியல, கேக்கவும் முடியல. வண்டியையே வித்துட்டாரு. பாதி வெலைக்கு இதான் காரணம், நான் இஞ்சின்ல தேடிக்கிட்டிருந்தேன். பொண்டாட்டி ஆத்தா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பாத்து வித்திருக்காரு. போன்ல இருந்த கொழந்தை வீடியோவையெல்லாம்கூட ஒரு வெறியில அழிச்சுட்டாராம். போட்டோ இருக்கு, ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. குரல் இல்ல. அவ திரும்பி வந்து, எங்களோட வண்டி பாக்க வந்த மெக்கானிக்கைப் புடிச்சு, விசாரிச்சு, எங்க சந்தைக் கண்டுபுடிச்சிருக்கா. புருஷன்கிட்ட இன்னிவரைக்கும் சொல்லல.

கழட்டிக் குடுத்துடறேன்னு அன்னிக்கே சொன்னேன் தம்பி. என்னை என்னன்னு நெனச்சீங்க? அவதான் வேணாம்னுட்டா. வீட்டுல வெச்சா அது டப்பாக்கா, வண்டி வந்தாத்தானே அவ கத்துவான்னா. அதுலேருந்து தெனமும் வருவா. கேட்டுட்டு, உள்ள வந்து ஒரு டீ குடிப்பா, என்னோட உக்காந்து போர்வை மடிப்பா. ரெண்டு நுனியை அவ புடிப்பா, ரெண்டு நுனியை நான் புடிப்பேன். அவ ஜாஸ்தி பேச மாட்டா, நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவேன்.

இப்ப தொறங்க. தொறந்து பாருங்க.

என்ன, பச்சையா இருக்கு? பச்சைன்னா? துருவா, பாசியா? அந்தச் சின்னக் கறுப்புச் சிப்புல ரெண்டு கால் இத்துப் போயிருக்கா? அதுலதான் குரல் இருக்குமா? தம்பி, பாத்துப் பேசுங்க. மெதுவாப் பேசுங்க. மேஜை மேல கெடக்கற மத்ததுல எதையாவது எடுத்துப் போட்டா வராதா? சரி, மத்ததுல அந்தக் கொழந்தை குரல் எப்படி இருக்கும். நான் ஒரு மக்கு.

வயரைத் தொடாதீங்க! வேணாம். தொட்டா சொல்லுன்னு மட்டும்தான் வரும். பதிலே வராம சொல்லு சொல்லுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். தன்னோட குரலை அந்த அம்மாக்காரியே கேக்க வேணாம். சத்தம் வெளிய கேக்கும்.

ஆமா, வெளியிலதான். அதோ, உங்க கடை வாசல்ல நிக்குதே வேன், முன்சீட்டுல. அவதான். மழை விட்டதும் இன்னிக்கு வந்துட்டா, டப்பாவைக் காணோமேன்னா. சர்வீஸுக்குன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நானும் வர்றேன்க்கான்னு ஏறி உக்காந்துட்டா. இவரு ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு, அவ பக்கம் திரும்பாம உக்காந்திருக்காரு. அதான் நான் இங்க இவ்வளவு நேரமா உங்ககிட்ட வளவளன்னு பேசிக்கிட்டிருக்கேன். பேச்சை நிறுத்தினா வெளிய போகணும். போனா அவ மொகத்தைப் பாக்கணும்.

கதவை ஒதைக்கற சத்தம் கேக்குதே. எறங்கிட்டா போல.

வர்றா தம்பி. எனக்கு வாய் வரல. நீங்க சொல்லுங்க.