துரைசானி பாத்தியில் பறித்த கீரை

கந்தசாமி: எழுந்திரிக்காத பவளம். நர்ஸம்மா என்னத் திட்டும்.

பவளம்: நீங்களா... சிங்கப்பூருக்குப் போகலியா?

கந்தசாமி: பஸ் கெட்டுப் போச்சு. வயிறு எப்படி இருக்கு?

பவளம்: வாந்தி நின்னுருச்சு. தொண்டதான் எரியுது. நான் கட்டிக் குடுத்த சோறு... தின்னுட்டீங்களா?

கந்தசாமி: அத விடுலா. துரைசானி பாத்தியில எலையப் பறிச்சது யாரு?

பவளம்: நான்தான். பங்களா சமையக்காரி பறிக்கக் கூடாதா, தோட்டக்காரரே?

கந்தசாமி: ருபார்ப்புங்கற வெள்ளக்காரச் செடியோட எல அது. வெஷம். இத்தன வருசமா எலைய நறுக்கிக் குப்பக்குழியில போட்டுட்டு, தண்ட மட்டுந்தான உன் கையில குடுப்பேன்?

பவளம்: வெஷம்னு ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?

கந்தசாமி: உன்னப் பாத்தா... எனக்குப் பேச்சு எங்க வருது.

பவளம்: தண்டச் சீனி போட்டு வேக வெச்சா துரை வழிச்சு வழிச்சுத் திங்கறாரு. தண்டுக்கீரையில நாம தண்டு, எல ரெண்டையுந்தான திங்கறோம்? தளதளன்னு இருந்துச்சு. புளிச்சப்பவும், புளிச்சக்கீரை மாதிரின்னு நெனச்சேன்.

கந்தசாமி: டாக்டர் என்ன சொன்னாரு?

பவளம்: கொஞ்சமாத் தின்னதால தப்பிச்சேனாம். தண்டு தின்னலாம், எல ஆகவே ஆகாதுன்னாரு. வேக வெச்சாலும் வெஷம் போகாதாம், கிட்னியக் கெடுத்துருமாம். கிட்னியில கல்லு உள்ளவங்களுக்குத் தண்டும் ஆகாதாம்.

கந்தசாமி: தானா ராத்தா டவுன் கடையில கீரையா இல்ல?

பவளம்: இருக்கு... இது நீங்க போட்ட பாத்தி. நீங்க போயிட்டா இனிமே யார் கையில இருக்கப் போவுதோ. உங்க கையால வளந்தத உங்களுக்கே ஆக்கிக் குடுக்கணும்னு ஆச. போவாதீங்கன்னு சொல்லத்தான் வாய் வரல.

கந்தசாமி: தொண்ட எரியுதுன்னியே, இந்தா, தண்ணி குடி.

பவளம்: சொல்லுங்க. தின்னீங்களா? காலையிலேருந்து இதே நெனப்பு. பஸ்ஸ நிறுத்தச் சொல்லி டாக்டர்கிட்ட அழுதேன்.

கந்தசாமி: ஒரு வாய். புளி போடாத கீரை புளிச்சுது, அப்படியே துப்பிட்டேன். வாயும் கொப்பளிச்சாச்சு. பயப்படாத.

பவளம்: பஸ்ஸுல போறப்பவா? கெட்டுப் போச்சுன்னீங்க?

கந்தசாமி: பஸ் மலையெறங்கித் தாப்பா ஊர்ப் பக்கமா நல்லாத்தான் போச்சு. சட்டியில மீதி இருக்குமே, நீ தின்னுருவியேன்னு நடுரோட்டுல எறங்கிட்டேன். காய்கறி லோரியில ஏறி வந்தேன்... பெட்டியக்கூட எடுக்கல பவளம். அது மட்டுந்தான் சிங்கப்பூருக்குப் போவுது.