தாரகனின் ஹெல்மெட்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் மகேந்திரராசா அவர்களே, தாரகனைப் பெற்ற அந்தோனிமுத்து ஐயா, மேரிகிறேஸ் அம்மா, தாரகனின் நினைவுக்கூட்டத்துக்கு வந்து இந்த இக்காஸ்ட் நகர மண்டபத்தில் இடமின்றி நிற்கும் உறவுகளே, தமிழ் புரியாவிட்டாலும் பின்வரிசையில் அசையாமல் அமர்ந்திருக்கும் எங்கள் ஐஸ் ஹொக்கி வீரர்களே, வணக்கம்.

நான் சாரங்கி. அணியின் பிசியோதெரபிஸ்ட். மேடையில் பேசிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தேழாம் இலக்கச் சட்டை அணிந்த எங்கள் தடுப்பு வீரர் தாரகன் எப்பேர்ப்பட்டவர்! ஞாயிறு காலைகளில் நம் பிள்ளைகளுக்குப் பனித்தளத்தில் சறுக்கப் பழக்கியவர். சறுக்கும் முன்பே அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "முன்னால போறவன்ர முதுகில இலக்கம் தெரிஞ்சால் முட்டாதேங்கோடா!"

அவருடைய முதுகில் இருபத்தேழு தெரியவில்லையா? தெரிந்தும், கடைசி ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவர் பின்னாலிருந்து முட்டினார். தாரகனின் தலை தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோதியது.

மேரிகிறேஸ் அம்மா, மருத்துவமனையில் என்னிடம் கேட்டீர்கள்: "பிள்ளை, அடிபட்ட பிறகு அவன் உமக்கு என்ன சொன்னவன்?"

பயத்தில் அன்று உண்மையை மறைத்தேன். பயம் இன்றும் போகவில்லை. ஆனாலும் இந்தச் சபையில் சொல்கிறேன்.

நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, தலையில் அடிபட்டவரிடம் சில கேள்விகள் கேட்பது என் வேலை. ஆட்டத்தின் எத்தனையாவது பகுதி இது? கோல் எத்தனைக்கு எத்தனை? விடை தவறினால் அவர் ஆட்டத்துக்கு வெளியே. இது வீரர்களுக்கும் தெரியும். அதனால் அடிபட்டவர், மற்ற வீரர்கள் அமர்ந்திருக்கும் வாங்கைக் கடக்கும்போது, தோளில் தட்டி, விடைகளை மெல்லச் சொல்லிவிடுவார்கள். அன்பினால்தான். அன்றும் சொன்னார்கள். தாரகனுக்குப் பின்னால் நடந்துவந்த என் காதிலும் விழுந்தது.

உடை மாற்றும் அறையில் வைத்துக் கேட்டேன். தாரகன் சிரித்தார்.

"ரெண்டாவது பகுதி அக்கா. ரெண்டுக்கு ஒண்டு, நாங்கள்தான் முன்னுக்கு. இதெல்லாம் ஒரு சோதினையோ? கஷ்டமா ஏதும் கேளுங்கோவன்!"

அந்த விடைகள் அவருடையவை அல்ல என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பயிற்சியாளர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அரங்கம் கத்திக்கொண்டிருந்தது. தாரகனின் ஹெல்மெட் என் மடியில் இருந்தது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் தளத்தில் இறங்க முடியாது. நான் அதைக் கொடுக்காமல் இருந்திருந்தால் போதும்!

எடுத்து நீட்டினேன். "தாங்ஸ் அக்கா" என்றார். அம்மா, அதுதான் கடைசியாகச் சொன்னது.

ஏற்கெனவே அடிபட்ட அந்தத் தலையில் மூன்றாம் பகுதியில் விழுந்த அடி சிறியது. நடுவர் விசில்கூட ஊதவில்லை. தாரகன் எழும்பவில்லை.

உறவுகளே, சனிக்கிழமை அடுத்த ஆட்டம். அதே வாங்கு, அதே சுவர், இருபது தலைகள். இனி நான் கேள்வி கேட்கப் போவதில்லை. தலையில் அடிபட்டவரின் ஹெல்மெட்டை வாங்குவேன். அன்று திருப்பிக் கொடுக்க மாட்டேன். பயிற்சியாளர் கத்தட்டும், என்னை வேலையை விட்டு நிறுத்தட்டும்! பின்வரிசைத் தோழர்களே, இதையே உங்களுக்கு இப்போது டேனிஷிலும் சொல்லப்போகிறேன். எவருக்கும் இனி விடை சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அம்மா, சனிக்கிழமையும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஹெல்மெட்டை விட மாட்டேன்.